ஸ்டேஜ் குறைந்தால் செலவு குறையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. அதனால் இந்த முறை ஊர்களைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கையில் கொஞ்சம் பணத்தோடு வெளிநாடு போவது பற்றி மட்டும் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. நான் 29 வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். 2017ல் ஓய்வு பெற்றேன். என் மனைவி சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவரின் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 6,000 ரூபாயைப் பயணத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கிறோம். அந்தப் பணத்தில் இதுவரை மலேசியா, தாய்லாந்து, நேபாளம், இத்தாலி, வியட்நாம் போய் வந்திருக்கிறோம். கடன் வாங்கி எங்கும் போனதில்லை.

கேள்வி: தனியார் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் 22,000. உலகம் சுற்ற வேண்டும் என்பது சிறு வயது ஆசை. எவ்வளவு பணம் சேர்த்தால் கிளம்பலாம்? (ஒரு வாசகி, நாமக்கல்)

அம்மா, எவ்வளவு பணம் என்பதற்கு முன்னால், பணம் எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம். பேருந்தில் ஸ்டேஜ் என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்டேஜுக்குள் ஏறி இறங்கினால் ஒரு கட்டணம். அடுத்த ஸ்டேஜைத் தொட்டுவிட்டால் கட்டணம் ஏறும். பேருந்துக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதற்குக் காசு கிடையாது. எத்தனை ஸ்டேஜ் தாண்டினீர்கள் என்பதற்குத்தான் காசு. வெளிநாட்டுப் பயணமும் இதேதான். ஒரு ஊரில் இருப்பதற்கு ஆகும் செலவு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஊர் விட்டு ஊர் போகும்போதுதான் பை காலியாகிறது. வண்டிக் கட்டணம், ஸ்டேஷனிலிருந்து அறைக்கு ஆட்டோ, புது ஊரில் வழி தெரியாமல் முதல் நாள் கொடுக்கும் கூடுதல் காசு, அறை கிடைக்கும் வரை ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கும் இரண்டு காபி. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் இவ்வளவும் சேர்ந்து வரும்.

எங்கள் முதல் பயணத்துக்கு நான் மட்டும் போனேன். 2018 பிப்ரவரி, தைப்பூசம் முடிந்த வாரம். தைப்பூச சமயத்தில் மலேசியாவின் பினாங்கில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், போக வர 11,800 ரூபாய். கோலாலம்பூரில் இரண்டே இரவு. பிறகு பேருந்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் பினாங்குத் தீவு. படகுக்கு அப்போது 1 ரிங்கிட் 20 சென். திரும்பி வரும்போது கட்டணமே கிடையாது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வீட்டு மாடியில் அறை. நாள் வாடகை 45 ரிங்கிட் என்றார்கள். 14 நாள் இருக்கப் போகிறேன் என்றதும் 32 ஆக்கினார்கள். அந்தப் பதினான்கு நாளும் நான் வேறு ஊருக்குப் போகவில்லை. ஊருக்குள் இலவசமாக ஓடும் பேருந்து உண்டு, அதில் ஏறி இறங்கினேன். மீதியெல்லாம் நடை. மூன்றாம் நாளே எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும், எங்கே காசு குறைவு என்று தெரிந்துவிட்டது. ஐந்தாம் நாள் டீக்கடைக்காரர் கேட்காமலேயே தே தாரிக் ஆற்றிக் கொடுத்தார்.

மொத்தம் 16 நாளுக்கு விமானம் உட்பட 35,000 ரூபாய் சொச்சம். ஒரு நாளுக்கு 2,200. அதே மாதம் என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஐந்து இரவு, இரண்டு நாடு என்று டூரில் போய் 58,000 செலவு செய்து வந்தார். அவர் பார்த்த கட்டடங்கள் அதிகம்தான். ஆனால் அவருக்கு எந்தத் தெருவும் ஞாபகம் இல்லை.

இப்போது ரிங்கிட் 20 ரூபாயைத் தாண்டிவிட்டது, விலைவாசியும் ஏறிவிட்டது. இருந்தாலும் ஒரு லாபம் உண்டு: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா வேண்டாம். இந்தச் சலுகையைக் கெடு வைத்து நீட்டித்து வருகிறார்கள், அதனால் டிக்கெட் போடும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை.

உங்களுக்கு என் பதில்: மாதம் 3,000 ரூபாய் சீட்டுப் போடுங்கள். ஒன்றரை வருடத்தில் 54,000 ஆகும். அதை வைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் ஒரே நாட்டில், முடிந்தால் ஒரே ஊரில், பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள். உலகத்தை ஒரே வீச்சில் சுற்ற வேண்டியதில்லை.

கேள்வி: விமான டிக்கெட் 6,000 என்று காட்டுகிறது. பணம் கட்டப் போகும்போது 11,000 ஆகிவிடுகிறது. ஏமாற்றுகிறார்களா? (ஒரு வாசகர், திருச்சி)

ஏமாற்று இல்லை தம்பி. குறைந்த கட்டண விமானத்தில் அந்த 6,000 உங்கள் உடம்புக்கு மட்டும். பெட்டி, ஜன்னலோர இருக்கை, சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. எங்கள் பேருந்தில் லக்கேஜ் டிக்கெட் போடுவது மாதிரி. அந்த லக்கேஜைத் தவிர்த்தால் 6,000 ரூபாய் 6,000 ஆகவே இருக்கும்.

பெரும்பாலான இத்தகைய விமானங்களில் கையில் 7 கிலோ வரை கொண்டு போகலாம். அந்த ஏழு கிலோவுக்குள் இரண்டு வாரம் இருக்க முடியும். என் பையில் இருப்பது: ஒரு பேன்ட், மூன்று சட்டை, இரண்டு கைலி, துண்டு, உள்ளாடை, ஒரு மெல்லிய ஸ்வெட்டர், மருந்து, சோப்பு, கொடிக்கயிறு. ராத்திரி துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்துவிடும். கனமான செருப்பைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், பையில் வைக்காதீர்கள்.

வீட்டிலேயே எடை போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு முறை திரும்பி வரும்போது மனைவி உறவினர்களுக்கென்று வாங்கிய மிட்டாய் டப்பாக்களால் என் பை 9 கிலோவைத் தாண்டிவிட்டது. விமான நிலையத்தில் கவுன்டரில் கட்டிய தொகை, அந்த மிட்டாய்களின் விலையைப் போல மூன்று மடங்கு. முன்கூட்டியே இணையத்தில் பெட்டிக்குக் கட்டியிருந்தால் பாதிகூட ஆகியிருக்காது. அன்றிலிருந்து கொக்கி வைத்த சின்னத் தராசு ஒன்று எப்போதும் என்னிடம் உண்டு.

இன்னொன்று, இறங்கும் நேரத்தைப் பாருங்கள். 800 ரூபாய் குறைவு என்று இரவு 1 மணிக்கு இறங்கும் விமானத்தில் போனால் டாக்ஸிக்கு அதைவிட அதிகம் போய்விடும். பேங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகும் ரயிலில் அதிகபட்சக் கட்டணமே தாய்லாந்துப் பணத்தில் 45 பாட்தான். ஆனால் அது நள்ளிரவோடு நின்றுவிடும். இரவில் இறங்கிவிட்டால் விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து முதல் ரயிலைப் பிடியுங்கள். பேருந்து நிலையத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்து பழகிய நமக்கு அது ஒரு கஷ்டமே இல்லை.

கேள்வி: பணமாகக் கொண்டு போவதா, கார்டா? (ஒரு வாசகர், கோவை)

இரண்டும். ஆனால் கார்டில் உள்ள விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேருக்குத் தெரியாமலே காசு போகிறது.

நம் வங்கிகள் தரும் சாதாரண கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலும் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். அந்தக் கூடுதலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டையும் சேர்த்தால் 100 ரூபாய்க்கு 4 ரூபாய் 13 பைசா. 50,000 ரூபாய் செலவு செய்தால் 2,065 ரூபாய் இப்படியே போய்விடும். பினாங்கில் அது எனக்கு நான்கு நாள் அறை வாடகை. இந்தக் கூடுதல் கட்டணம் இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன. உங்கள் வங்கியில் போய், 'வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு மார்க்கப் எவ்வளவு' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

இரண்டாவது, கடையில் கார்டைப் போட்டதும் 'ரூபாயில் கட்டுகிறீர்களா, இந்த ஊர்ப் பணத்திலா' என்று மெஷின் கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நமக்கு மனம் அங்கே போகும். போகக் கூடாது. எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள். தாய்லாந்தில் ஒரு கடையில் 1,900 பாட்டுக்கு நான் தெரியாமல் ரூபாயை அழுத்திவிட்டு, அறைக்கு வந்து கணக்குப் பார்த்தபோது 200 ரூபாய்க்கு மேல் அதிகம் போயிருந்தது.

ஏடிஎம்மில் அடிக்கடி எடுக்காதீர்கள். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிக்கிறார்கள், நீங்கள் 500 பாட் எடுத்தாலும் சரி, 10,000 எடுத்தாலும் சரி. எடுப்பதை ஒரே தடவையாக எடுங்கள். விமான நிலையத்தில் வண்டிக்கும் தண்ணீருக்கும் வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகருக்குள் மாற்றுங்கள்.

அப்புறம் சில்லறை. பெரிய நோட்டை நீட்டிச் சில்லறை இல்லை என்று மீதியை விட்டுவிட்டு வருவது எந்த ஊரிலும் நடக்கும். 2019ல் பேங்காக்கில் 8 பாட் டிக்கெட்டில் சிவப்புப் பேருந்தில் ஏறினேன். அங்கே நடத்துநர் அம்மா ஒருவர் கையில் நீளமான தகர உருளை ஒன்றை வைத்திருந்தார். டிக்கெட் சுருளும் சில்லறையும் அதற்குள்தான். மூடியை டக் டக் என்று தட்டிக்கொண்டே வருவார், அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் காசை எடுப்பார்கள். நான் சரியாக எட்டு பாட்டை எண்ணிக் கொடுத்தேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்குத் தெரியும். காலை ஷிப்டில் சரியான சில்லறை தருகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். நானும் கண்டக்டர் என்பதைக் கையால் டிக்கெட் கிழிப்பதுபோல் காட்டினேன். இறங்கும்போது பேருந்தைச் சரியாக நிறுத்தி, எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று கை காட்டிவிட்டுப் போனார்.

கேள்வி: நாங்கள் சைவம். வெளிநாட்டில் இந்திய ஓட்டலைத் தேடிப் போனால் சாப்பாட்டுக்கே பாதிப் பணம் போய்விடும் என்கிறார்கள். என்ன செய்வது? (ஒரு வாசகி, கும்பகோணம்)

அவர்கள் சொல்வது சரிதான். மலேசியாவில் நம் சாப்பாடு மலிவு, ஏனென்றால் அங்கே நம் மக்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். பேங்காக்கிலும் ஹனோயிலும் இந்திய ஓட்டல் என்பது சுற்றுலாப் பயணிகளுக்கான கடை. ஒரு தோசைக்குக் கொடுக்கும் காசில் அந்த ஊர்க்காரர் இரண்டு வேளை சாப்பிடுவார்.

ஆனால் அந்த ஊர்களில் அந்த ஊருக்கென்றே சைவம் இருக்கிறது. தாய்லாந்தில் 'ஜே' என்று சொல்லிக் கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் அவை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். வருடத்தில் ஒன்பது நாள், பெரும்பாலும் புரட்டாசி ஐப்பசி வாக்கில், ஜே திருவிழா நடக்கும்போது தெருவுக்குத் தெரு இந்தக் கொடிதான். வியட்நாமில் 'சாய்' என்ற சொல். 'கொம் சாய்' என்றால் சைவச் சோறு. அங்கே பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவார்கள். நமக்கு அமாவாசையும் பௌர்ணமியும் மாதிரி. அந்த நாட்களில் வழக்கமாக இல்லாத கடைகளில்கூடச் சைவம் கிடைக்கும். ஹுவே நகரில் நாங்கள் தங்கியிருந்த தெருவில் ஒரு சாய் கடை. சோறு, இரண்டு கறி, டோஃபு, கீரைச் சாறு எல்லாம் சேர்த்து 30,000 டோங். நம் பணத்தில் 100 ரூபாய்.

'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் காய்கறியையே மீன் சாறு ஊற்றித்தான் வதக்குவார்கள். அதனால் ஜே, சாய் என்ற சொற்களையே பயன்படுத்துங்கள். ஒரு காகிதத்தில் அந்த ஊர் எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம். சமையலறை உள்ள விடுதியில் தங்கினால் சந்தையில் அரிசியும் காயும் வாங்கிக் காலையில் பொங்கிவிடலாம், என் மனைவி அப்படித்தான் செய்கிறார். ஆனால் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போகிறவர்கள் பையில் உள்ள ஒவ்வொரு உணவுப் பொருளையும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் மாட்டினால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே, அந்த நாட்டுப் பணத்தில், 400 டாலர் அபராதம்.

பட்டினி கிடந்து மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள் அம்மா. மயங்கி விழுந்தால் அந்த ஒரு நாள் செலவு பத்து நாள் சாப்பாட்டைத் தின்றுவிடும்.

கேள்வி: வயது 26. வியட்நாமுக்குத் தனியாகப் போகிறேன். டார்மிட்டரியில் தங்கினால் மலிவு என்கிறார்கள். வீட்டில் பயப்படுகிறார்கள். (ஒரு வாசகி, சென்னை)

மகளே, உன் வீட்டார் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் மகள் இருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு அவள் தன் தோழியோடு அதே வியட்நாமுக்குப் போனபோது நான் தூங்கவில்லை.

பலர் சேர்ந்து தங்கும் விடுதி புதிதாக வந்த விஷயம் இல்லை. 1909ல் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப் போனபோது மழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கினால் என்ன என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வளர்ந்து, அல்டேனா என்ற ஊரின் கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. இன்று உலகம் முழுக்க இருக்கிறது. பெயரில்தான் இளைஞர், பெரும்பாலான இடங்களில் வயது வரம்பு இல்லை. நானே கீழ்க்கட்டில் கேட்டு வாங்கிப் படுக்கிறேன்.

உனக்குச் சில விஷயங்கள். பெண்களுக்கு மட்டுமான அறை உள்ள விடுதியாகப் பார். முதல் இரவுக்கு மட்டும் பணம் கட்டு; பிடித்திருந்தால் அங்கேயே நீட்டிக்கலாம், பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு நாள்தான். சொந்தப் பூட்டு எடுத்துப் போ. வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய் இறங்கு. ஹனோயிலிருந்து சைகோன் (ஹோ சி மின் நகர்) வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை, முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை ஒரே மூச்சில் போகாதே. இரவு ரயிலில் படுக்கை எடுத்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம்தான், ஆனால் இரண்டு இரவு தொடர்ந்து ரயிலில் தூங்கினால் மூன்றாம் நாள் உடம்பு உன் பேச்சைக் கேட்காது.

விசாவை அந்த நாட்டு அரசாங்கத் தளத்திலேயே எடு. ஒரு முறை நுழைவதற்கான இ-விசா 25 டாலர். தேடினால் முதலில் வந்து நிற்பவை இடைத்தரகர்களின் தளங்கள், அரசாங்கத் தளம் போலவே இருக்கும். என் மகளின் தோழி அப்படி ஒன்றில் 79 டாலர் கட்டிவிட்டாள். தளத்தின் முகவரி ஜிஓவி டாட் விஎன் என்று முடிகிறதா என்று பார்.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகச் செய். 100 டாலரைத் தனியாக மடித்து, பர்ஸில் இல்லாமல் வேறு இடத்தில் வை. அது செலவுக் கணக்கில் வராத பணம். ஒரு இடம் மனசுக்குச் சரியில்லை என்று தோன்றினால், காரணம் யோசிக்காமல் அந்தப் பணத்தில் டாக்ஸி பிடித்து நல்ல ஓட்டலுக்குப் போய்விடு. அன்றைக்குக் காசு பார்க்காதே. பயன்படாமல் அந்த 100 டாலர் திரும்பி வந்தால் அம்மாவிடம் கொடு.

கேள்வி: 10 நாளில் 7 நாடு, ஐரோப்பா டூர், ஆளுக்கு 2.75 லட்சம் கேட்கிறார்கள். நாங்கள் இருவர். இதைக் குறைவாகச் செய்ய முடியுமா? (ஒரு வாசகர், மதுரை)

ஐயா, 10 நாளில் 7 நாடு என்றால் நீங்கள் பார்க்கப் போவது நெடுஞ்சாலையைத்தான். நான் 29 வருடம் ஜன்னல் வழியாக ஊர் பார்த்தவன். அது பார்ப்பது ஆகாது.

ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 2023 செப்டம்பர் கடைசியில் இத்தாலி போனோம். 13 நாள், இரண்டே ஊர்: ரோம், நேபிள்ஸ். தேதியை விமானக் கட்டணத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையை வைத்துத் தேர்ந்தெடுத்தோம். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் இலவசம். இத்தாலி அரசின் அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். கடைசி ஞாயிறும் அடுத்த மாத முதல் ஞாயிறும் ஒரு வார இடைவெளியில்தானே வரும்? செப்டம்பர் 24 அன்று வாடிகன். அக்டோபர் 1 அன்று, எரிமலை மூடிய பாம்பேய் நகரம். இரண்டு பேருக்கு 60 யூரோவுக்கு மேல் மிச்சம். வாடிகனில் வரிசை நீளமாக இருக்கும். நாங்கள் காலை 6.45க்குப் போய் நின்றோம்; பகல் 12.30க்குப் பிறகு உள்ளே விட மாட்டார்கள். புனித பேதுரு பேராலயத்துக்கு எந்த நாளும் கட்டணம் கிடையாது. ரோமின் சாதாரணத் தேவாலயங்களுக்குள்ளேயே பெரிய ஓவியர்களின் படங்கள் இருக்கின்றன. சான் லூயிஜி தேய் ஃபிரான்செஸி என்ற கோயிலில் கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள். உள்ளே போய்ச் சும்மா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். என் மனைவி எழுந்து வர மனமில்லாமல் முக்கால் மணி நேரம் இருந்தார்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ரோம் தெருக்களில் ஏறக்குறைய 2,500 குழாய்கள், இரவும் பகலும் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டிலைப் பிடித்து நிரப்பிக்கொள்ளலாம். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. நேபிள்ஸில் நான்காக மடித்த பீட்சாவைத் தெருவிலேயே 2 யூரோவுக்கு விற்றார்கள். மரினாரா என்று கேட்டால் தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும்தான், பாலாடைக்கட்டி கூட இருக்காது.

ரயிலில் ரீஜனாலே என்னும் மெதுவான வண்டிக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை. வேகமான வண்டிக்கு முன்கூட்டி வாங்கினால் மலிவு, அன்றைக்கு வாங்கினால் பல மடங்கு. ரீஜனாலேவுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தாலும் டிக்கெட் இல்லாததற்குச் சமம், அபராதம் போடுவார்கள். என் வேலை எனக்குக் கற்றுக் கொடுத்தது அது: டிக்கெட் செல்லுமா என்பது வாங்கியதில் இல்லை, அடித்ததில் இருக்கிறது.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் கட்டணம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியப் புத்தகத்தையும் ஆறு மாத வங்கிக் கணக்கையும் ஒழுங்காக வையுங்கள், அதுவே பெரிய பலம். எங்கள் இருவருக்கும் எல்லாம் சேர்த்து 2,68,000 ரூபாய் ஆனது. உங்களிடம் ஒருவருக்குக் கேட்கிற தொகையைவிடக் குறைவு. இப்போது யூரோ ஏறியிருப்பதால் மூன்றேகால் லட்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பண்ணையில் வேலை செய்தால் தங்க இடமும் சாப்பாடும் இலவசமாகத் தருகிறார்களாமே? (ஒரு வாசகர், தேனி)

தருகிறார்கள் தம்பி. 1971ல் இங்கிலாந்தில் தொடங்கிய முறை, இயற்கைப் பண்ணைகளில் சில மணி நேரம் உழைத்தால் இடமும் சாப்பாடும். நல்ல ஏற்பாடு. ஆனால் பல நாடுகளில் சுற்றுலா விசாவில் சம்பளம் இல்லாமல் வேலை செய்வதும் குற்றம்தான். குடியேற்ற அதிகாரி கேட்டு, நீ உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார். பொய் சொல்வதும் சரியில்லை. போகிற நாட்டின் விசா விதியைப் படித்துவிட்டு முடிவு செய்.

கேள்வி: பயணக் காப்பீடு தண்டச் செலவா? (ஒரு வாசகர், ஈரோடு)

2024ல் ஹுவேயில் மழையில் நனைந்த படிக்கட்டில் என் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. எக்ஸ்ரே, கட்டு, மருந்து. இருவருக்கும் சேர்த்து நான் கட்டிய காப்பீடு 1,900 ரூபாய். வைத்தியத்துக்கு ஆன 21,000 ரூபாயும் ரசீதுகளைக் கொடுத்த பிறகு திரும்பி வந்தது. ஒவ்வொரு ரசீதையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: வயது 67. பாஸ்போர்ட் இல்லை, எடுக்கவும் வசதி இல்லை. வெளிநாடு பார்க்காமலே போய்விடுவேனோ என்று இருக்கிறது. (ஒரு வாசகர், சேலம்)

அண்ணே, உங்களுக்கு நேபாளம் இருக்கிறது. இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் கட்டாயம் இல்லை. வாக்காளர் அட்டை போதும். 65 வயது தாண்டியவர்களுக்குப் படத்தோடு உள்ள ஆதார், ஓட்டுநர் உரிமம் மாதிரியான அட்டைகளையும் ஏற்கிறார்கள். இருந்தாலும் வாக்காளர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சேலத்திலேயே ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் நிற்கும். கோரக்பூர் வரை போகும். இரண்டு இரவு பயணம், கீழ்ப் படுக்கை கேட்டு முன்பதிவு செய்யுங்கள். கோரக்பூரில் ஒரு நாள் ஓய்வு எடுத்துவிட்டு, பேருந்தில் சோனௌலி. அங்கே எல்லை வாசலை நடந்தே தாண்டலாம். அந்தப் பக்கம் போனதும் புத்தர் பிறந்த லும்பினி பக்கத்தில்தான். காத்மாண்டு போவதற்கு முன் அங்கே இரண்டு நாள் இருங்கள்.

100 ரூபாய்த் தாள்களாகக் கொண்டு போங்கள், பெரிய நோட்டில் சிக்கல் வரலாம். நம் 100 ரூபாய் அங்கே 160. இந்த விகிதம் மாறுவதில்லை, அதனால் ஏமாறவும் வழி இல்லை. சாப்பாட்டுக்குத் தால்பாத் கேளுங்கள்: சோறு, பருப்பு, காய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். பழைய நகரங்களுக்குள் நுழையக் கட்டணம் வாங்கும் இடங்களில் அட்டையைக் காட்டி, சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்று சொல்லுங்கள். பக்தபூரில் மற்ற வெளிநாட்டவர் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குகூட நமக்கு ஆகாது. பசுபதிநாதர் கோயிலில் நமக்குக் கட்டணமே இல்லை.

மலைப் பாதையில் பேருந்து ஆடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இருக்கையாகக் கேட்டு உட்காருங்கள், அங்கேதான் குலுக்கல் குறைவு. அக்டோபர் கடைசியில் கிளம்பினால் வானம் தெளிவாக இருக்கும், பனிமலை தெரியும். ரயில் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும், முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். ஊர் திரும்பியதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.